மெழுகாத சுவர்

அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம். பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எழுதமாட்டேன். கல்வராயன் மலையில் இப்போது எல்லா ஊரிலும் படித்தவர்கள் இருக்கிறார்கள். யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போய், ஒரு அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

மலேரியாவுக்கு மருந்தடிக்கிற கோஷ்டிக்கு அவர் மேஸ்திரி. நான் அவருக்கு மேலே இன்ஸ்பெக்டர். எழுபதுகளில் நடந்தது. எனக்கு இருபத்தேழு வயது, அவருக்கு நாற்பதுக்கு மேல். நான் திருநாவலூர்க்காரன். வெள்ளிமலைக்கு முதல்முறை ஜீப்பில் ஏறியபோது இரண்டு வளைவுகளில் இறங்கி வாந்தி எடுத்தவன். அவர் திருக்கோவிலூர்ப் பக்கத்தில் ஒரு கூலி வீட்டுப் பிள்ளை. ஆனால் பதினைந்து வருஷமாக மலையேறி இறங்கி, எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் தேங்கும் என்று மலைக்காரர்களுக்கே சொல்லுவார். ஒல்லி உடம்பு. காக்கிச் சட்டை மருந்து பட்டுப் பட்டு வெளுத்துப்போயிருக்கும். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது. ஒரே ஒரு பழக்கம் இருந்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எந்த வீட்டுக்குள் நுழையும்முன்னும் வாசலில் நின்று கேட்பார்: "யாரு யாரு எங்க எங்க படுப்பீங்க?"

முதல்தடவை இதைக் கேட்டபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண் ஒருத்தி வாசலில் நின்றிருந்தாள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் அவரைத் தனியாக இழுத்துப் போனேன்.

"யோவ் மேஸ்திரி, பொம்பளைங்ககிட்ட கேக்கற கேள்வியாய்யா இது?"

"கொசுவு படுத்துக்கினு இருக்கிற ஆளைத்தான் சார் கடிக்கும். ரத்தத்தைக் குடிச்சிட்டு, கனம் தாங்காம பக்கத்துச் செவுத்துல போய் குந்திக்கும். அது எந்தச் செவுருன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"எல்லாச் சுவருக்கும் ஒரே அளவுதான்னு சர்க்குலர்ல போட்டிருக்கு."

"எல்லாத்துக்கும் அதே அளவு அடிக்கிறேன் சார். அந்தச் செவுத்துக்கு மட்டும் ரெண்டு கை ஜாஸ்தி."

  அவர் சொன்னது படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் எனக்கு அது பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோன பாடம்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, மலைமேல் ஒவ்வொரு குடும்பமும் தன் கதையை அவரிடம் கொடுத்துவைத்திருந்தது. மாமனாரோடு சண்டை போட்டுவிட்டு ஆட்டுக் கொட்டகையில் படுக்கிற மருமகன் யார், வயசான காலத்தில் ஆளுக்கொரு மூலையில் படுக்கிற கிழவனும் கிழவியும் யார் எல்லாம் தெரியும். எங்கேயும் வாய் திறக்கமாட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை மருந்தடிப்போம். அடுத்த தடவை வரும்போது போன தடவை சொன்னது அவருக்கு அப்படியே ஞாபகம் இருக்கும்.

"இங்க மூணு பேரு இல்ல படுத்தாங்க?" என்பார்.

"ஒருத்தியக் கட்டிக் குடுத்துட்டோம்ணா" என்று பதில் வந்தால் முகம் மலரும். பதில் வராமல் வீட்டுக்காரி தரையைப் பார்த்தால், இவரும் தரையைப் பார்ப்பார். பிறகு அந்த இடத்துச் சுவருக்கும் வழக்கம்போல இரண்டு கை கூடுதலாக அடித்துவிட்டு வெளியே வருவார். காலியான இடத்துக்கு எதற்கு மருந்து என்று ஒருநாள் கேட்டேன். "இன்னிக்கு காலி சார்" என்றார்.

கள்ளக்குறிச்சியில் நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கும் ஒருமுறை மருந்தடிக்க வந்தார். கோஷ்டியோடு வாசலில் நின்று, இன்ஸ்பெக்டர் வீடு என்றுகூடப் பார்க்காமல், அதே கேள்வியைக் கேட்டார். "அது உனக்கு எதுக்குய்யா? அடிச்சுட்டுப் போ" என்று எரிந்து விழுந்தேன். அந்த வாரம் எனக்கும் என் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "நான் சமையல்கட்டுல படுக்கறேன்."

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். வெளியே வந்து வாளியைக் கழுவிக்கொண்டே, "சமையல்கட்டு செவுத்துக்கு ரெண்டு கை ஜாஸ்தியா அடிச்சிருக்கேன் சார்" என்றார். ஒரு மாதம் வரைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அன்றைக்கே என் மனைவியிடம் போய்ப் பேசிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

அவருக்கும் கோபம் வரும், வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, புரட்டாசியில். ஆவணியில் நாங்கள் மருந்தடித்து முடிப்போம். சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்த வெள்ளைதான் அடுத்த மூன்று மாதத்துக்குக் காவல். ஆனால் புரட்டாசி பிறந்தால் மலையில் பெருமாளுக்கு விரதம். வீட்டைச் சாணியும் செம்மண்ணும் போட்டு மெழுகாமல் சாமி கும்பிட மாட்டார்கள். நாங்கள் முதுகில் வாளி சுமந்து மலையேறி அடித்த மருந்து ஒரே காலையில் சாணிக்கடியில் போய்விடும். மேஸ்திரி வீடு வீடாக ஓடுவார்.

"ஏம்மா, சோத்துல உப்பு போட்டுத் துன்றீங்களா இல்லியா? மெழுகாதீங்கன்னு எத்தினி தடவ சொல்றது! தரையை மெழுகு, வாசல மெழுகு, யாரு வேணாம்னா? அந்தச் செவுரு இன்னா பாவம் பண்ணிச்சு?"

"பெருமாளுக்கு நாத்தம் ஆவாதுண்ணா" என்பார்கள் பெண்கள். இவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் அப்படி உட்காருவதைப் பார்க்கவே சில பெண்கள் அவர் கண் முன்னால் சாணியைக் கரைப்பார்கள். பதினைந்து வருஷம் சண்டை போட்டு, ஏழெட்டு வீடுகளில் அவர் ஜெயித்திருந்தார். படுக்கிற இடத்துச் சுவரை மட்டும் மெழுகாமல் விடுவார்கள். அந்த வீடுகளில் ஒன்று, நான் இங்கே அலமேலு என்று பெயரை மாற்றி எழுதுகிற பெண்ணுடையது. அவள் புருஷன் வருஷத்தில் பாதி நாள் கரும்பு வெட்ட கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கிவிடுவான். அவளுக்கு ஒரே மகள், ஐந்து வயது, ராமாயி; அதுவும் மாற்றிய பெயர்தான். சாமை கொட்டிவைக்கிற குதிருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. ராமாயி அங்கேதான் படுப்பாள். மேஸ்திரி கேள்வி கேட்டு முடிக்கும்முன்னே ஓடிப்போய் அந்தச் சந்தில் படுத்து, கண்ணை இறுக மூடிக் காட்டுவாள்.

"எந்திரிம்மா, மேல மருந்து பட்டுடும்" என்று இவர் கெஞ்ச வேண்டியிருக்கும்.

அந்த வருஷம்தான் மேலிடத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி அதிகாரி வந்தார். வெளிநாட்டில் படித்தவர், நல்ல மனிதர், எங்களோடு சேர்ந்து களி சாப்பிட்டவர். அவர் சொன்ன யோசனை எங்களுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. மருந்தடித்து மட்டும் கொசுவை ஒழிக்க முடியாது, மிச்சம் இருப்பது மறுபடி பெருகும். அதனால் முதலில் மருந்தடித்துக் காட்டுக் கொசுவைக் குறைக்க வேண்டும். பிறகு மருந்தை நிறுத்திவிட்டு, கூண்டில் வளர்த்த ஆண் கொசுக்களை மலட்டாக்கி ஆயிரக்கணக்கில் விட வேண்டும். பெண் கொசு வாழ்நாளில் ஒரே தடவைதான் சேரும். நம் ஆணோடு சேர்ந்துவிட்டால் அது இடுகிற முட்டை பொரிக்காது. காட்டு ஆணைவிட நம் ஆண் பல மடங்கு இருந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் மருந்து முன்னால், ஆண் கொசு பின்னால். விட ஆரம்பித்த பிறகு சுவரில் மருந்து இருக்கவே கூடாது, இருந்தால் நம் கொசுவும் செத்துவிடும்.

சோதனைக்கு வெள்ளிமலைக்குத் தெற்கே, ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த மூன்று சின்ன ஊர்கள் எடுக்கப்பட்டன. கொசு வளர்க்கிற கூடம் கள்ளக்குறிச்சியில். ஈரத்துணி போர்த்திய கூண்டுகளை ஜீப்பில் மலைக்கு ஏற்றுவோம். எது நம் கொசு என்று தெரிவதற்காக அதன்மேல் ரோஸ் நிறப் பொடி தூவியிருக்கும்.

முதல் கூண்டைத் திறக்க மேஸ்திரியிடம்தான் கொடுத்தோம். துணியை விலக்கிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பதினஞ்சு வருசமா கொன்ன கையி சார் இது" என்றார். பிறகு மெதுவாக, "கல்யாணம் ஆவும், புள்ள பொறக்காது. பாவம்தான் சார் இதுங்க" என்றார்.

ஊர்க்காரர்களிடம் அவர்தான் பேசினார். அது குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன காலம். "கொசுவுக்குப் பண்ணுவீங்க, அடுத்து எங்களுக்கா?" என்று ஒரு பெரியவர் தடியோடு எழுந்தார். மேஸ்திரி தன் கையைக் கூண்டுக்குள் விட்டு, எல்லோரும் பார்க்கும்படி நீட்டிக்கொண்டு நின்றார். நூறு கொசு உட்கார்ந்தது, ஒன்றும் கடிக்கவில்லை. "ஆம்பள கொசுவு. வாயில்லாப் பூச்சி. கடிச்சா இந்தக் கையை வெட்டிக்கிறேன்" என்றார். பெரியவர் உட்கார்ந்தார். நானோ அந்த அதிகாரியோ போயிருந்தால் அன்றைக்கே எங்களை மலையிலிருந்து விரட்டியிருப்பார்கள்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆவணியில் அடித்த மருந்து சுவரில் இன்னும் வெள்ளையாக இருந்தது. அது தானாக வீரியம் இழக்க மாதக்கணக்காகும். கொசு வளர்ந்து தயாராக இருந்தது. அதிகாரி என்ன செய்வது என்று யோசித்தார். வழி சொன்னது நான்தான். "புரட்டாசி வருது சார். மெழுகச் சொன்னா போதும், மருந்து மறைஞ்சிடும்" என்றேன். அதிகாரி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மெழுகச் சொல்லி வீடு வீடாகப் போக வேண்டியவர் மேஸ்திரி. போனார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னாண்ணா, வெயில்ல மூளை கொழம்பிடுச்சா?" என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அலமேலு மட்டும் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

"மெழுகுனா மருந்து பூடும்னு நீதானண்ணா சொன்ன? நான் எத்தினி வருசமா அந்தச் செவுத்துல கையே வைக்கல."

"இந்த வருசம் வேற மாதிரிம்மா. கொசுவே இல்லாம பண்ணப் போறோம்."

"நெசமாவா?"

"என்ன நம்பு தாயி."

அவள் மெழுகினாள். ராமாயியும் தன் சின்னக் கையால் அந்தச் சந்துச் சுவருக்குச் சாணி பூசினாள். கைத்தடம் அஞ்சு விரலும் அப்படியே சுவரில் பதிந்திருந்தது.

ஐப்பசியில் எங்களுக்குக் கொண்டாட்டம். பிடித்து வந்த பெண் கொசுக்கள் கிண்ணத்தில் இட்ட முட்டையில் பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. அதிகாரி மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேஸ்திரி தினமும் கூண்டைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கோப்பை கொசுவைத் திறந்துவிட்டு வந்தார். அப்போதும் பழக்கம் போகவில்லை, "நல்லாப் படுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போவார்.

எங்கள் வரைபடம் ஓடையோடு முடிந்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டாய்கள் இருந்தன, மழைக்காலத்தில் மேய்ச்சலுக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள் போட்டவை. அங்கே யாரும் மருந்தடித்ததில்லை. அங்கேயே காட்டு ஆணோடு சேர்ந்துவிட்ட பெண் கொசுக்கள் ஓடையைத் தாண்டி வந்தன. அவற்றுக்கு எங்கள் ரோஸ் நிறக் கொசுக்களால் ஒன்றும் ஆகவில்லை. அவை உட்காருகிற சுவரில் மருந்தும் இல்லை, சாணியும் செம்மண்ணும்தான் இருந்தது. இதெல்லாம் பிறகு புரிந்தது. அப்போது தெரிந்தது, முட்டைகள் மறுபடி பொரிக்க ஆரம்பித்தது ஒன்றுதான்.

கார்த்திகை முதல் வாரத்தில் அலமேலு வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பையனுக்குக் குளிர் ஜுரம். மாத்திரை கொடுத்தோம், பிழைத்துக்கொண்டான். மறுநாள் மேஸ்திரி, நான் தங்கியிருந்த வெள்ளிமலை அறைக்கு நடந்தே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அந்த அலமேலு வூட்ல போய்ப் பாத்தேன். செவுத்த அருவாளால சொரண்டிக்கினு இருக்குது சார்."

"எதுக்கு?"

"சாணிக்கு அடியில என் மருந்து இருக்குமாம். அத எடுக்குதாம். குதிராண்ட, புள்ள படுக்கிற எடத்துல. மண்ணு மண்ணாப் பேத்து வச்சிருக்குது சார். நீயாச்சும் வந்து அடிண்ணான்னு கேக்குது."

 அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஒரே ஒரு செவுரு சார். ஒரு வாளி கூட வேணாம். நான் போய் அடிச்சிட்டு வந்துடறேன்."

"ஒரு வீட்டுக்கு அடிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களாய்யா? நம்ம கொசு அத்தனையும் போய் அந்தச் சுவத்துல உக்காந்து சாவும். கணக்கெல்லாம் கெட்டுடும். இன்னும் பத்து நாள். கடைசி முட்டைக் கணக்கு எடுத்துட்டா நீயே எல்லா வீட்டுக்கும் அடி."

"பத்து நாளு ஆவுமா சார்?"

"ஆவும்னா ஆவும். அதிகாரி உத்தரவு."

அதிகாரி அப்படி ஒரு உத்தரவும் போடவில்லை. அவர் ஊரிலேயே இல்லை. ஒரு சுவருக்கு அடிக்கலாமா என்று கேட்டுத் தந்தி கொடுத்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார், அவர் அப்படிப்பட்ட மனிதர். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. மெழுகுகிற யோசனை என்னுடையது. அது தப்பு என்று நானே எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை.

மேஸ்திரி நேரே அலமேலு வீட்டுக்குப் போயிருக்கிறார். குழந்தையை அந்தச் சந்தில் படுக்க வைக்காதே, நடுவீட்டில் அடுப்புப் புகை படுகிற இடத்தில் போடு என்று சொல்லி, தன் கம்பளியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது அலமேலு சொன்னாளாம்: "எங்கண்ணா கேக்குது? உருண்டு உருண்டு செவுத்தாண்டயே போயிடுது. அதான் பழக்கம்."

பத்து நாள் இருபது நாளாயிற்று. மழையில் ஒரு கணக்கு கெட்டுப்போய், மறுபடி எடுத்தோம். இருபத்திரண்டாவது நாள் ராமாயிக்கு ஜுரம் வந்தது. கொடுத்த மாத்திரையை வாந்தி எடுத்தாள். மறுநாளே வலிப்பு, கீழே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஜீப்பில் மேஸ்திரி பின்னால் உட்கார்ந்து மடியில் படுக்க வைத்திருந்தார், அலமேலு காலைப் பிடித்திருந்தாள், நான் முன்னால். கச்சிராயபாளையம் வந்து சேரும்முன், மலை இறங்கி முடிகிற இடத்தில், மேஸ்திரி என் தோளைத் தொட்டார். "வண்டிய நிறுத்தச் சொல்லுங்க சார்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நாள் கணக்கு எனக்குத் தெரியும். கொசு கடித்து, ஜுரம் வர எத்தனை நாள் ஆகும் என்று படித்தவன் நான். எப்படி எண்ணிப் பார்த்தாலும், அவளைக் கடித்தது, நான் வேண்டாம் என்று சொன்னதற்கு அப்புறம்தான்.

அலமேலு உடனே அழவில்லை. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டாள்.

"செவுத்துக்கு அடின்னு உன்ன எத்தினி தடவ கேட்டேன். ஏண்ணா அடிக்கல? யாரு வேணாம்னாங்க?"

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். மேஸ்திரி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாரும் சொல்லலம்மா. நான்தான், ஒண்ணும் ஆவாதுன்னு வுட்டுட்டேன்."

அவள் அவர் முகத்தில் காறித் துப்பினாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த பேச்சு அதுதான்.

சோதனை அந்த மாதமே முடித்துக்கொள்ளப்பட்டது. முட்டைக் கணக்கு சரியில்லை என்று காரணம் எழுதினோம். மறுபடி மருந்து மட்டும்.

மேஸ்திரி அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எந்த வீட்டிலும் கேட்கவில்லை. வாசலில் நிற்பார், கோஷ்டியை உள்ளே அனுப்புவார், எல்லாச் சுவருக்கும் ஒரே அளவு, சர்க்குலரில் போட்டிருக்கிறபடி. பழக்கப்பட்ட வீடுகளில் பெண்கள் வந்து நின்று அவர் முகத்தையே பார்ப்பார்கள், கேட்பார் என்று. கேட்கமாட்டார். 

அடுத்த ஆவணியில் அந்த ஊருக்குப் போனோம். அலமேலு வீட்டு வாசலுக்கு வந்ததும் மேஸ்திரி பம்புக்காரர்களை அனுப்பிவிட்டு, வேலியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் சுவரில் தேதி எழுதுகிற காவி டப்பாவோடு வாசலில் இருந்தேன். அலமேலு என்னைத் தாண்டி அவரிடம் போனாள். இளைத்திருந்தாள். துப்பத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏண்ணா, கேக்க மாட்டியா?"

அவர் திரும்பவில்லை.

"நீ கேக்க வேணாம், நானே சொல்றேன். அவரு வாசப்பக்கம் படுக்கறாரு. நானு குதிராண்ட, அந்தச் செவுத்தோரம். அவ எடத்துல."

மேஸ்திரி உள்ளே போய், பம்புக்காரன் கையிலிருந்த குழாயை வாங்கினார். அந்தச் சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்து அடித்தார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். அருவாளால் சுரண்டிய குழிகளுக்கெல்லாம் அடித்தார். சுரண்டாமல் ஒரு இடத்தை மட்டும் அலமேலு விட்டுவைத்திருந்தாள், அஞ்சு விரல் தடம் இருந்த இடம். மருந்து வழிந்து தரையில் ஓடியது. "போதும்ணா" என்றாள் அவள். அவர் நிறுத்தவில்லை. வாளி காலியாகிக் குழாயில் வெறும் காற்று வந்த பிறகுதான் நிறுத்தினார்.

புரட்டாசியில் ஊர் முழுக்க மெழுகினார்கள். அந்த ஒரு சுவரை அலமேலு மெழுகவில்லை. அதற்கடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் மெழுகவில்லை. பெருமாள் நாள் அன்றைக்கும் அது மருந்து நாற்றத்தோடு வெள்ளையாக நிற்கும். நாங்கள் போகிறபோதெல்லாம் அவள் வாசலிலேயே சொல்லிவிடுவாள், மேஸ்திரி அந்தச் சுவருக்குத் தானே அடிப்பார். ஆனால் ஒரு தடவைகூட அவருக்கு அவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததில்லை. எனக்குக் கொடுப்பாள். மோர் கொடுப்பாள். "குடிங்க சார், வெயில்ல வந்தீங்க" என்பாள். நான் வாங்கிக் குடிப்பேன்.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, கடைசியாக ஒருமுறை மலையேறினேன். அலமேலு வீட்டில் மோர் குடித்துவிட்டு இறங்கி வரும்போது ஓடைக்கரையில் நின்றுவிட்டேன்.

"மேஸ்திரி, நான் திரும்பிப் போய் அந்த அம்மாகிட்ட சொல்லிடறேன். வேணாம்னது நான்தான்னு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். ராமாயி போன பிறகு முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வுடுங்க சார். வேணாம்."

"ஏன்?"

"பெத்த புள்ள போயிடுச்சு. திட்டறதுக்கு ஒரு ஆளாச்சும் வேணாமா அதுக்கு? என்ன வச்சிக்கினு இருக்குது. நீங்க போய்ச் சொன்னீங்கன்னா, இத்தினி வருசம் மோரு ஊத்திக் குடுத்தோமேன்னு அது தன்னையே திட்டிக்கும் சார்."

வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கி நடந்தார். நான் அந்த வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பிறகு அவர் பின்னாலேயே இறங்கிவிட்டேன். அவர் சொன்னது நியாயம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.